போணிக்கு ஒரு தலையணை

கோவில்பட்டி
4-8-2025

அன்புள்ள பொன்மணி அப்பாவுக்கு,

கல்யாணசுந்தரி எழுதுவது. இங்கே நானும் பொன்மணியும் சுகம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் தாளை எடுத்தேன். எழுதும்போது குரல் உயராது பாருங்கள்.

ஆடிக் காற்று கடைக்குள் புகுந்து பஞ்சைத் தெரு முனை வரைக்கும் கொண்டுபோகிறது. மத்தியானம் மெஷினை நிறுத்திய பிறகும் பஞ்சு கீழே இறங்காமல் வெயிலில் மிதந்துகொண்டே இருக்கிறது. அதைப் பார்த்தபடி சில நாள் உட்கார்ந்தே தூங்கிவிடுகிறேன்.

சொல்ல வந்தது வேறு. போன வாரம் ஒருவர் இரண்டு தலையணை வாங்கினார். கதவில் ஒட்டியிருக்கும் அட்டையை ஸ்கேன் செய்து, பணம் போய்விட்டது என்று போனைக் காட்டினார். நானும் தலையாட்டினேன். சாயங்காலம் பொன்மணி பேங்க் கணக்கைப் பார்த்தால் பணம் வரவே இல்லை. என்றைக்கோ எடுத்த படத்தைக் காட்டி ஏமாற்றியிருக்கிறார். கணக்கு நம் இரண்டு பேர் பெயரில் இருந்தாலும் அதில் கொடுத்திருக்கும் நம்பர் உங்களுடையது. மெசேஜ் எல்லாம் உங்களுக்குத்தான் வருகிறது. நீங்கள் போன நாளிலிருந்து நான் அடுத்தவர் போனை நம்பித்தான் வியாபாரம் செய்கிறேன்.

பொன்மணி கடைக்கு வெப்சைட் போட்டிருக்கிறாள். சென்னையிலும் பெங்களூரிலும் கரிசல் பஞ்சுத் தலையணை கேட்கிறார்களாம். அவர்களிடம் பணம் வாங்கித் தர ஏதாவது ஒரு கம்பெனியைப் பிடிக்க வேண்டும். ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், எனக்குத் தலை சுற்றுகிறது. உங்கள் குடோன் கணக்குப்பிள்ளையிடம் விசாரித்து எழுதுங்கள். இனிக் கணக்கு என் பெயரில், என் நம்பரில். பழைய அட்டையைக் கிழித்துவிடப் போகிறேன்.

பஞ்சுத் தலையணையை இனி யார் வாங்குவார்கள், ஃபோம் ஏஜென்சி எடுப்போம் என்று சண்டை போட்டுவிட்டு, வடக்கே பிவண்டியில் ஃபோம் குடோனுக்கே வேலைக்குப் போய்விட்டீர்கள். அங்கே தூக்கம் நன்றாக வருகிறதா?

இப்படிக்கு,
கல்யாணசுந்தரி

பிவண்டி
12-8-2025

அன்புள்ள சுந்தரி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே விடாத மழை. குடோனுக்குள் ஃபோம் அடுக்குகளுக்கு நடுவில் நின்றால் மழைச் சத்தம்கூட அமுங்கித்தான் கேட்கிறது.

கணக்குப்பிள்ளையிடம் விசாரித்தேன். ஒரு கம்பெனிக்கு மாதக் கட்டணம் இல்லை, ஒவ்வொரு விற்பனையிலும் நூற்றுக்கு இரண்டு ரூபாய் எடுத்துக்கொள்வார்கள், பணம் இரண்டு நாள் கழித்துத்தான் கைக்கு வரும். இன்னொன்றில் அன்றைக்கே வந்துவிடும், கமிஷன் கொஞ்சம் கூடுதல். மூன்றாவதற்கு மாதச் சந்தா கட்ட வேண்டும், நம் வியாபாரத்துக்கு அது தாங்காது. முதல் கம்பெனியை எடு. இரண்டு நாள் பொறுத்தால் ஒன்றும் குடி முழுகிப்போகாது. கடைக்கு, பணம் வந்ததைத் தமிழில் சொல்லும் பெட்டி ஒன்றும் வாங்கிக்கொள். கணக்கு உன் பெயரில்தான் இருக்க வேண்டும். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டுச் சிரிக்காதே. காலையில் குடோன் ஷட்டரைத் தூக்கும்போதுதான் கடையின் முதல் மெசேஜ் வரும். சுந்தரி போணி பண்ணிவிட்டாள் என்று போனைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். மத்தியானம் ஃபோம் மேலே சாய்ந்து கண்ணை மூடியிருப்பேன், ஒரு மெசேஜ் வரும். தொகையைப் பார்த்தாலே சின்னத் தலையணையா, கல்யாண மெத்தையா என்று தெரிந்துவிடும். உடனே கடை கண் முன்னால் வந்துவிடும். நீ உறையை உதறுகிறாய், உன் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. விழித்துப் பார்த்தால் பிவண்டி.

அட்டையைக் கிழிப்பது நியாயம்தான். ஆனால் அது போய்விட்டால் எனக்குக் கடையும் இல்லை, வீடும் இல்லை. வா என்று நீயும் சொல்லவில்லை, வருகிறேன் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அன்புடன்,
வேல்சாமி

கோவில்பட்டி
24-8-2025

அன்புள்ள பொன்மணி அப்பாவுக்கு,

நீங்கள் சொன்ன முதல் கம்பெனிக்குத்தான் மனு போட்டோம். வெள்ளிக்கிழமை முற்பகல், என் பெயரில் திறந்த கணக்கில் ஒரு ரூபாய் வந்து விழுந்தது. கணக்குச் சரிதானா என்று பார்க்க அவர்களே அனுப்புவார்களாம். எனக்கு அது தெரியுமா? புதுக் கணக்கில் முதல் பணம், முகம் தெரியாத யாரோ போட்டது, அதுவும் நல்ல ராகு காலத்தில். இந்தப் போணி வேண்டாம் என்று மனுவையே ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். பொன்மணி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒத்த ரூவாய்க்கு ராகு காலம் பாக்குத ஒரே ஆளு நீதாம்மா" என்றாள்.

இப்போது அன்றைக்கே பணம் தரும் கம்பெனிக்குப் போட்டிருக்கிறோம். கமிஷன் கூடுதல்தான். காலையில் விழுந்த போணி சாயங்காலம் விளக்கேற்றும்போது கையில் இருக்க வேண்டாமா? அதை இரண்டு நாள் யாரோ வைத்திருந்தால் எனக்குத் தூக்கம் வராது. இவர்களும் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தார்கள். அது போணி இல்லை, கதவைத் தட்டிப் பார்ப்பது என்று பொன்மணி என்னைத் தேற்றிவிட்டாள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பஞ்சுக் குவியலிலேயே உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று எழுதினால் உங்களுக்கு ஏற்றமாகிவிடும், அதனால் எழுதவில்லை.

செப்டம்பர் மூன்றாம் தேதி புதன்கிழமை, வளர்பிறை ஏகாதசி. காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் வெப்சைட்டில் போணிக்கு நீங்கள் ஒரு தலையணை வாங்க வேண்டும். நீங்கள் தொட்டுக் கொடுத்த வியாபாரம் என்றைக்கும் நின்றதில்லை. கோபம் வேறு, கைராசி வேறு. புதன்கிழமை வரைக்கும் பழைய அட்டை கதவில் இருக்கும்.

இப்படிக்கு,
கல்யாணசுந்தரி

கோவில்பட்டி
4-9-2025

என் பிரியமுள்ள உங்களுக்கு,

நேற்றுக் காலை விளக்கேற்றிவிட்டு, நீங்கள் வாங்கச் சொன்ன பேசும் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். பொன்மணி வெப்சைட் பணத்தையும் அதிலேயே சொல்ல வைத்திருக்கிறாள். அது தொகையைச் சொன்னதும் பெட்டியோடு தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பொன்மணி சிரித்தாள். சிரித்துவிட்டு அவளும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகு அவள் ஆர்டரைத் திறந்து, பெயர் வேல்சாமி, தலையணை ஒன்று என்று படித்துக்கொண்டே வந்தவள் முகவரியில் நின்றுவிட்டாள். போனை என்னிடம் நீட்டினாள். பிவண்டி என்று ஒரு எழுத்துகூட இல்லை. நம் கதவு எண், நம் தெரு, கோவில்பட்டி. மறதியில் எழுதினீர்களா, வேண்டுமென்றே எழுதினீர்களா என்று கேட்கமாட்டேன். எது என்றாலும் எனக்குச் சந்தோஷம்.

ஆர்டர் வந்ததும் கூரியர் தவசிக்குத் தானாகவே தகவல் போய்விட்டது. வந்து நின்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னக்கா, இங்கன எடுத்து இங்கனயே குடுக்கச் சொல்லுதீங்க?" என்று கேட்டார். நீங்கள் அனுப்புக் கூலியும் சேர்த்துக் கட்டியிருக்கிறீர்கள். பொழைக்கத் தெரியாத மனுஷர் நீங்கள் என்று நினைத்துக்கொண்டு தவசிக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

எட்டயபுரத்திலிருந்து வந்த பஞ்சை நானே அடித்து, உங்கள் தலையணையை நானே தைத்தேன். கட்டிலில் உங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறேன். நேற்று மத்தியானம் அதன் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். ஜன்னல் வழியே பஞ்சு ஒன்று மெதுவாக வந்து அதன் மேல் உட்கார்ந்தது. நான் ஊதிவிடவில்லை.

கம்பெனி மனுவில் இன்னொரு நம்பருக்கும் மெசேஜ் அனுப்பலாம் என்று ஒரு கட்டம் இருந்தது. உங்கள் நம்பரைப் போடலாமா என்று பொன்மணி கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அட்டையையும் நேற்றுச் சாயங்காலம் உரித்துவிட்டேன். இனி உங்கள் போனில் கடை தெரியாது.

வாருங்கள். வரும் நாளை எழுதினால் போதும், ரயிலுக்குப் பொன்மணி வருவாள். அதுவரைக்கும் தலையணையைத் தினமும் வெயிலில் போட்டு எடுத்து வைக்கிறேன்.

உங்கள்,
சுந்தரி