செவலையின் வலது கண்

வீட்டை விட்டுப் போனவளுக்கு,

வாயில்லாத இரண்டு ஜீவன்களை என்னிடம் போட்டுவிட்டு நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போனது பெரிய தப்பு. வரப்பு வழக்கு எனக்கும் உன் அண்ணன் காயாரோகணத்துக்கும். நீ வளர்த்த கினிப்பன்றிகள் என்ன பாவம் செய்தன? போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் பால்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கினிப்பன்றிகள் இரண்டில் செவலையின் வலது கண் சீழ் பிடித்து ஒட்டிக்கொண்டது. கூண்டில் நான் போட்ட புது வைக்கோல் குத்தியிருக்கிறது. என் கண் ஆபரேஷனில் மிஞ்சிய சொட்டு மருந்தை விட்டேன். தஞ்சாவூர் கால்நடை டாக்டரம்மா, "இதை யாருங்க போடச் சொன்னது? புண்ணு பெரிசாயிடுச்சே" என்றார்.

யார் சொல்வது? வீட்டில் நான் மட்டும்தானே இருக்கிறேன்.

வேறு மருந்து கொடுத்திருக்கிறார். நாலு நாளில் தெளியாவிட்டால் பார்வை போய்விடுமாம். சொட்டைத் தனியாளாக விட்டுப் பார்த்தேன், பாதி என் சட்டையில் விழுந்தது. புண் ஆறக் கொய்யா கொடுக்கச் சொன்னார். கடைக் கொய்யாவை அது முகரக்கூட இல்லை. கோர்ட் தடை போட்ட வரப்பு மரத்தில் நீ திருட்டுத்தனமாகப் பறித்துப் போட்டுத்தானே பழக்கியிருக்கிறாய்?

வழக்கை நான் வாபஸ் வாங்கப்போவதில்லை. அது வேறு.

இன்றே நடக்க வேண்டியது இது. காயாரோகணம் அந்த மரத்தில் நாலு கொய்யா பறிக்க வேண்டும். நான் வக்கீலிடம் சொல்ல மாட்டேன். அவனே உன்னை வண்டியில் கொண்டுவந்து விட வேண்டும். செவலையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்வது நான். சொட்டு விட வேண்டியது நீ. காப்பி குடித்துவிட்டுத்தான் உன் அண்ணன் திரும்ப வேண்டும். அதை நான் போடுவேன்.

இப்படிக்கு,
இன்னும் உன் வீட்டுக்காரன்