பதினான்கு விரிசலும் ஒரு மூக்கும்

மார்ச் 4, செவ்வாய்

எனக்கு ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். தவக்காலத்துக்கு முந்தின நாள் கார்னிவல் பலகாரம் பிறகு.

அநியாயம் இதுதான்: ஆஸ்பத்திரியில் என் தலையை எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு, "முன்பு பதினொன்று, இப்போது பதினான்கு, புதிதாக மூன்று" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என்ன மூன்று, எந்த மூன்று? எந்தப் பக்கம்? ஒன்றும் இல்லை. நரம்பு டாக்டர் உசாய் ஏழு நிமிடம் பேசினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அதில் இரண்டு நிமிடம் தொலைபேசியில், வேறு யாருடைய தலையைப் பற்றியோ.

"படத்துல மாற்றம் தெரியுது, பக்கீசியோ ஐயா. மருந்தை மாத்தலாம்னு நினைக்கறேன். அது வரைக்கும் வண்டி லைசென்ஸ் காகிதத்துல கையெழுத்துப் போட முடியாது."

"என் கால் போன வருஷம் இருந்த மாதிரியேதான் இருக்கு, டாக்டரம்மா."

"காலும் படமும் எப்பவும் ஒரே பேச்சு பேசாது."

அப்படியானால் காலை அல்லவா நம்ப வேண்டும்? இருபத்திரண்டு வருடமாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயோடு நடக்கிறேன். இந்தத் தீவில் தெருவுக்கு ஒருவருக்காவது உண்டு, அதனால் பெருமையுமில்லை, வெட்கமுமில்லை. இடது கால் இழுக்கும். கைத்தடி உண்டு. ஆனால் என் மூன்று சக்கர வண்டியில் கிளட்ச் கையில்தான் இருக்கிறது. இடது காலுக்கு அங்கே வேலையே கிடையாது. அந்த வண்டி இல்லாவிட்டால் நான் இந்தத் தெருவைத் தாண்ட முடியாது. இந்தத் தெருவில் இருப்பதோ மூக்கு ஒருவன்தான்.

மூக்கு என் சித்தப்பா மகன், பக்கத்து வீடு, ஆனால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. அவனுக்கும் பக்கீசியோ ஸ்கானு என்றுதான் பெயர். தாத்தா பெயரை மூத்த பேரனுக்கு வைப்பது வழக்கம். தாத்தாவுக்கு இரண்டு மகன்கள், ஆளுக்கொரு மூத்தவன். ஊரில் நான் சுண்ணாம்பு, அவன் மூக்கு. அவனுக்கும் இதே நோய், அதே நாளில் அதே மெஷின். அவன் காகிதத்தில் "முன்பு பதினான்கு, இப்போது பதினான்கு, மாற்றம் இல்லை". இன்று மதுக்கடையில் பன்றி முகமூடி போட்டுக்கொண்டு, "சுண்ணாம்பு உதிருது, நான் பாறை மாதிரி நிக்கறேன்" என்று எல்லோருக்கும் ஒயின் வாங்கிக் கொடுத்தானாம். தங்கை கிராசியெத்தா வந்து சொன்னாள்.

"முகமூடி எதுக்கு அவனுக்கு?" என்றேன்.

"பொறாமைப்படாதே அண்ணே. உன் தலையில விரிசல் இருக்குன்னு கண்டுபிடிக்க மெஷினே வேண்டாம். என்னைக் கேட்டிருந்தா இலவசமா சொல்லியிருப்பேன்."

பலகாரம் ஏழு தின்றேன்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். பாதிரியார் நெற்றியில் சாம்பல் வைத்தார். அந்த இடத்துக்கு நேர் பின்னால்தான் புதிய மூன்றும் இருக்கிறதோ என்னவோ. அவருக்கும் தெரியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

காகிதத்தை வரிவரியாகப் படித்து முடித்தேன். மூன்று நாள் ஆனது. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் நானே படித்தது. அகராதியில் பாதி தேட வேண்டியிருந்தது.

ஆனால் முக்கியமான சொல்லுக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை! 'லெசியோனே.' பதினான்கு லெசியோனே. கொத்தனார் வேலையில் நாற்பத்தொரு வருடம் இந்தச் சொல்லைச் சொல்லித்தான் ரொட்டி தின்றேன். சுவரில் விழும் விரிசலுக்கு அதுதான் பெயர். மூளையில் விழுந்தாலும் அதே பெயர். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? விரிசலைப் பற்றி எனக்குச் சொல்லித்தர இந்தத் தீவில் எந்த டாக்டர் இருக்கிறார்?

விரிசலில் இரண்டு ஜாதி. ஓடுகிற விரிசல், நின்றுபோன விரிசல். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைக் காரை வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுத வேண்டும். கண்ணாடி உடைந்தால் விரிசல் ஓடுகிறது. உடையாவிட்டால் சும்மா பயமுறுத்துகிறது. அந்தக் கண்ணாடிக்கு 'உளவாளி' என்று பெயர். எனக்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள பொதுச்சுவரில் என் உளவாளி ஒருவன் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறான்.

இப்போது என் கேள்வி: என் தலைக்குள் உளவாளியை வைத்தது யார்? பழைய தேதி எங்கே? பழைய சுவரை யார் பார்த்தார்கள்?

ஒன்பது கேள்விகளை அட்டையில் எழுதிவிட்டேன். செவ்வாய்க்கிழமை போகிறேன். ஆஸ்பத்திரியில் நேரம் தர முடியாது என்றார்கள். வாசலில் உட்காருவேன் என்றேன். நேரம் கொடுத்தார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

டாக்டரின் மேசையில் முதலில் கண்ணாடித் துண்டை வைத்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"பயப்படாதீங்க டாக்டரம்மா. இது உளவாளி."

எல்லாவற்றையும் விளக்கினேன். பதினொரு நிமிடம் ஆனதாம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் பார்க்கவில்லை. ஆனால் முடித்ததும் டாக்டரம்மா கண்ணாடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மாறியது.

"ஐயா, உங்க உளவாளி எங்ககிட்டயும் இருக்கு. ஊசியில ஒரு சாயம் போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? இன்னிக்கு ஓடிட்டிருக்கற விரிசல் அந்தச் சாயத்தைக் குடிச்சுப் பளிச்சுனு தெரியும். உங்க பதினாலுல ஒண்ணும் குடிக்கல."

"அப்போ எல்லாம் நின்னுபோன விரிசல்!"

"இன்னிக்கு நின்னிருக்கு. ஆனா நாலு வருஷத்துல மூணு கூடியிருக்கே. எப்பவோ ஓடியிருக்கணும்."

இது நியாயமான பதில். கோபம் பாதியில் நின்றது. இவர் இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஏழு பலகாரம் தின்றிருக்க மாட்டேன். சரி, நானும் முதல் நாள் ஒன்றும் கேட்கவில்லை, முறைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஐந்தாவது கேள்வி: "பழைய படம்னு எதைப் பாத்தீங்க?"

"நீங்க கொண்டுவந்து குடுத்த டிஸ்க்தான். பழைய ஆஸ்பத்திரியை மூடிட்டாங்களே, எங்ககிட்ட வேற இல்ல."

உண்மைதான். நான்கு வருடத்துக்கு முன்பு தபாலில் வந்த உறை. அலமாரியில் போட்டவன் போன மாதம்தான் எடுத்தேன். அன்றைய டாக்டரிடம் எத்தனை என்று கேட்டதற்கு "நிறைய" என்றார், ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

டிஸ்க்கைத் திருப்பி வாங்கி வந்தேன். ஒரு விரிசலைப் பற்றி முடிவு சொல்ல வேண்டுமானால் நானே பார்க்க வேண்டும். மற்றவன் பார்த்ததை வைத்து நான் எந்தச் சுவரையும் இடித்ததில்லை.

மார்ச் 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நூலகத்தில் வேலை பார்க்கும் தொனத்தெல்லா கம்ப்யூட்டரில் டிஸ்க்கைப் போட்டாள். தலை, முட்டைக்கோஸை நறுக்கின மாதிரி துண்டு துண்டாக வந்தது. மேலிருந்து கீழே ஒரு வரிசை. முன்னாலிருந்து பின்னால் ஒரு வரிசை. விரிசலைக் காட்டும் வெள்ளைப் புள்ளிகளை எண்ணிக்கொண்டே வந்தேன். அப்புறம் பக்கவாட்டு வரிசை வந்தது. நெற்றி. கண் குழி. மூக்கு.

"இது என் மூக்கு இல்ல."

"மாமா, எம்.ஆர்.ஐ.ல யார் மூக்கும் அப்படித்தான் இருக்கும்."

"இந்த மூக்கை எனக்குத் தெரியும்மா. இதை உடைச்சதே நான்தான்."

நடுவில் ஒரு படி, அப்புறம் ஒரு திருப்பம். 1967. நானும் அவனும் ஒரே மேஸ்திரியிடம் வேலை பழகினோம். நான் கீழேயிருந்து செங்கல் எறிவேன், அவன் சாரத்தில் நின்று பிடிப்பான். நான் "பிடி!" என்று கத்தித்தான் எறிந்தேன். அவன் தெருவில் போன பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு முன்பு அவனுக்குப் பட்டப்பெயரே கிடையாது. ஐம்பத்தெட்டு வருடமாக, "நீ கத்தவே இல்ல" என்கிறான்.

தொனத்தெல்லா படத்தின் மூலையைப் பெரிதாக்கிப் படித்தாள். பிறந்த தேதி மார்ச் 19, 1953. அது அவன். நான் ஜனவரி 8. ஆஸ்பத்திரியில் பெயரைப் பார்த்தார்கள், வருடத்தைப் பார்த்தார்கள், நாளைப் பார்க்கவில்லை. மூக்கையும் பார்க்கவில்லை!

தபால்காரன் வேலை. அந்த வருடம்தான் எங்கள் பழைய தபால்காரி அசுந்தா ஓய்வு பெற்றாள். அவள் உறையில் பெயரைப் படிக்கவே மாட்டாள், "சுண்ணாம்பு, உனக்கு!" என்று கத்துவாள். அவள் இடத்துக்கு வந்தவன் கடல் தாண்டி வந்த பையன். பெயரைப் படித்தான். ஒரே பெயர், ஒரே தெரு, ஒட்டின வீடு. என் தலையை அவனிடமும் அவன் தலையை என்னிடமும் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அப்படியானால் அந்தப் பதினொன்று அவனுடையது. பழைய பதினான்கு என்னுடையது. எனக்கு அன்றும் பதினான்கு, இன்றும் பதினான்கு. ஒன்றுகூடக் கூடவில்லை! நான்தான் பாறை!

நூலகத்தில் கைத்தடியைத் தலைக்கு மேலே தூக்கினேன். தொனத்தெல்லா "சத்தம் போடாதீங்க" என்றாள். நூலகத்தில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான்.

மார்ச் 13, வியாழன்

காலையில் ரொட்டி வாட்டும்போதுதான் உறைத்தது.

கூடின மூன்றும் மூக்கினுடையவை.

அவன் பாறை இல்லை. அவனுக்குத் தெரியாது. அவனிடம் யாரும் மருந்து மாற்றச் சொல்லவில்லை. அவன் ஊருக்கே ஒயின் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

கிராசியெத்தாவிடம் சொன்னேன். ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

சொல்லவில்லை. மழை.

மார்ச் 15, சனி

சொல்லவில்லை. மழை இல்லை.

டாக்டரே சொல்லட்டுமே? அவர் வேலைதானே? நான் ஏன்டா சொல்லணும்? செங்கல் எறிஞ்சதும் நான், இதை எறியறதும் நானா?

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்து அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். பதினேழு வருடம் கழித்து.

"யார் செத்தா?" என்றான்.

"யாரும் சாகல. உட்காருடா. ஒரு விஷயம் சொல்லணும்."

சொன்னேன். தபால்காரன், டிஸ்க், பதினொன்று, பதினான்கு. அவன் கேட்டுக்கொண்டே பாலாடைக்கட்டி நறுக்கினான்.

"என் சந்தோஷம் உனக்குப் பொறுக்கல. அதான் கதை கட்டிட்டு வந்திருக்கே."

"நான் கதை கட்டல. படம் இருக்கு."

தொனத்தெல்லா அச்சடித்துக் கொடுத்த காகிதத்தைப் பாலாடைக்கட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். பக்கவாட்டுப் படம். அவன் கத்தியைக் கீழே வைத்தான். ரொம்ப நேரம் பார்த்தான். விரலால் காகிதத்தில் மூக்கைத் தடவினான். அப்புறம் தன் மூக்கை.

"இவ்வளவு கோணலாவா இருக்கு?"

"உள்ளேயிருந்து பாத்தா அப்படித்தான்."

"நீ பிடின்னு கத்தல."

"கத்தினேன்."

ஒயின் ஊற்றினான், எனக்கும் சேர்த்து. கிளம்பும்போது வாசல்வரை வந்தான்.

"மூணு கூடியிருக்குன்னா... நடக்க முடியாமப் போயிருமா?"

என்னிடம் கேட்கிறான். கொத்தனாரிடம்.

"விரிசல் இருக்கற சுவரெல்லாம் விழறதில்லடா. ஓடிட்டிருக்கற விரிசலைத்தான் பிடிச்சு நிறுத்தணும். அதுக்கு மருந்து இருக்கு. நாளைக்கு டாக்டரம்மாகிட்ட போறோம்."

"போறோமா?"

"கேள்வியெல்லாம் அட்டையில எழுதி வச்சிருக்கேன். உனக்குக் கேட்கத் தெரியாது."

மார்ச் 17, திங்கள்

டாக்டர் உசாய் இரண்டு டிஸ்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தார். மூக்கின் மூக்கையும் பார்த்தார். "இது எங்க தப்பு. தேதியைப் பாத்திருக்கணும். என்னை மன்னிச்சிருங்க" என்றார். மன்னிப்புக் கேட்ட டாக்டரை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. கண்ணாடித் துண்டை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

முப்பத்தெட்டு நிமிடம் பேசினோம். என் காகிதத்தில் கையெழுத்து விழுந்தது. மூக்குக்கு மருந்து மாறுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது. அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான், ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்று எனக்குத் தெரியும். வண்டியில் திரும்பி வரும்போது எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன், வண்டிச் சத்தத்துக்கு மேலே கத்தி.

"இப்போ மட்டும் நல்லா கத்தறே" என்றான்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று மூக்குக்கு முதல் சொட்டு மருந்து. பகல் முழுவதும் ஆனது. ஊசியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொட்டை எண்ணினேன். நர்ஸ் எண்ண வேண்டாம் என்றாள். எண்ணினேன்.

இனி ஆக வேண்டியவை, மறப்பதற்குள்:

ஆஸ்பத்திரி: படத்தில் பெயரோடு பிறந்த நாளையும் பார்க்க வேண்டும். முழுத் தேதியையும். முடிந்தால் மூக்கையும்.

டாக்டர் உசாய்: 'லெசியோனே' என்று சொன்னதுமே "ஓடுகிறதா, நின்றதா, எதோடு ஒப்பிட்டது" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்போது எல்லோரிடமும் சொல்கிறாராம். மேசையில் கண்ணாடித் துண்டும் இருக்கிறது, நேற்றுப் பார்த்தேன்.

தபால்காரன்: பட்டப்பெயர் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும். கிராசியெத்தா பட்டியல் எழுதிக் கொடுப்பாள்.

கிராசியெத்தா: மூக்குக்கும் சேர்த்துச் சமைப்பதை நிறுத்த வேண்டும். பருமனாகிறான், என் வண்டியில் இடம் போதவில்லை.

மூக்கு: டிசம்பர் 9, இரண்டாவது சொட்டு. காலை ஆறரைக்கு என் வாசலில் நிற்க வேண்டும். ஆறே முக்காலுக்கு அல்ல.

நான்: பொதுச்சுவரில் பழைய உளவாளி உடையவில்லை, தேதியை மட்டும் புதிதாக எழுத வேண்டும். மூக்கு வந்து என்னைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.

அப்புறம், 1967-இல் "பிடி" என்று கத்தினேனா என்பதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

யோசித்தேன். கத்தினேன்.

குரல் கொஞ்சம் மெதுவாக இருந்திருக்கலாம்.