இழை இல்லாத துண்டு

பயண நாள் 203. காலை, தண்ணீர் விட்டபின்

தோட்டக்கூட்டில் சூடு சரி, ஈரம் சரி. மூன்றாம் தட்டுத் தக்காளியில் இலைச்சுருட்டை. நோய் கண்ட செடிகளைப் பிடுங்கிவிட்டேன். அவரைக்கொடிகளைத் தூக்கிக் கட்டியாயிற்று.

பருத்தி நூல் தீர்ந்து மாதக்கணக்காகிறது. செவ்வாய்க் கிரகத்தில் கிடங்குக்காரன் பாதி நூல்தான் கொடுத்தான். அவன் முகம் எனக்கு மறக்காது. குழாய்க்குச் சுற்றும் கண்ணாடி நூலைக் கருவியறைக் கோட்டைச்சாமியிடம் வாங்கி ஓட்டுகிறேன். இழுத்தால் அறாது, பல்லால் கடித்தால் அறும். பூக்கட்டிப் பழகிய எனக்கும் பேத்திக்கும் கத்தரி எதற்கு?

பேத்தி பவுன்தாய் இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆறு மாதம் முழுகாதிருக்கிறாள். முன்பல் ஈறில் மாதுளை முத்து மாதிரி ஒரு கட்டி. சோறு பட்டாலே ரத்தம் பொங்குகிறது. எனக்கும் கீழ் ஈறில், முன்பு புகையிலை அடக்கிய பக்கம், ஒன்று இருக்கிறது. அவளுடையது மெத்தென்று இருக்கும். என்னுடையதற்கு அடியில் கல். வலி இல்லை.

பின்னால் படிக்கிறவர்களுக்கு: நான் ஒச்சம்மாள், உசிலம்பட்டிக்காரி, கீழ்வானம் கப்பலின் தோட்டப் பொறுப்பு. செவ்வாயில் வேலை முடிந்து நிலாத்துறைக்குத் திரும்புகிறோம். தோட்டக்கூடுதான் கப்பலின் வால்.

பயண நாள் 205. மாலை

கதவை அடைத்துவிட்டார்கள்.

போன வாரம் ஒருநாள் எனக்குக் கொடி கட்ட ஒத்தாசைக்கு வந்த கோட்டைச்சாமிக்கு விரல்நுனியில் சிவப்பாக ஒரு கட்டி முளைத்திருக்கிறது. கப்பலின் நோய்பார்க்கும் பொறி மூன்று பேர் கட்டியையும் படம் பிடித்தது. "ஒரே வகை. பெயர் தெரியாதது. பரவுகிறது" என்றது. அதோடு சரி. என்னைத் தோட்டத்தில் வைத்துப் பூட்டினார்கள். பக்கத்து விதையறையில் பவுன், நடுக்கதவுக்கு முத்திரை. கோட்டைச்சாமி முன்பக்கம் கருவியறையில்.

கேப்டன் சலோமியின் குரல், ஒலிபெருக்கியில்:

"ஒச்சம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. காரணம் தெரியாத கட்டியோட ஒருத்தர் இருந்தாலும் நிலாத்துறை நம்ம கப்பலைக் கட்ட விடாது. துறைக்கு முன்னாடி காரணம் தெரியலைன்னா மூணு பேரையும் தோட்டத்துல வச்சு வாலைக் கழட்டி விடணும். மீட்புக் கலம் பின்னாலே வரும்."

"எப்ப வரும்?" என்று கேட்டேன்.

கோட்டைச்சாமி குறுக்கே பேசினான்:

"ஆத்தா, ஒருநாள் கூலிக்கு வந்தவனுக்கும் சேத்துல்ல சீர் குடுத்துட்ட."

"ஓசிக்கு வந்தா இப்படித்தான்டா" என்றேன். அவன் சிரித்தான். கேப்டன் சிரிக்கவில்லை.

பயண நாள் 206. காலை

பவுனின் தலையணை முழுக்க ரத்தம். நடுக்கதவுக் கண்ணாடி வழியாகக் காட்டினாள்.

டாக்டர் அருமைநாயகத்தைக் கூப்பிட்டேன். கப்பலேறிய அன்று என் வாய்க்குள் கைவிளக்கைக் காட்டி, கிட்டவே வராமல், "எல்லாம் நல்லாருக்கும்மா" என்று போன பிள்ளை. அதை நான் மறக்கவில்லை என்று முதலில் சொன்னேன். பிறகுதான் விஷயத்துக்கு வந்தேன்.

"அம்மா, சிவப்பா இருக்கு, ரத்தம் வடியுதுங்கறத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பத்து விதமான கட்டி அப்படி இருக்கும். சும்மா ஈறு உறுத்தி வர்றதும் அப்படித்தான் இருக்கும். புத்து நோயும் சில நேரம் அப்படித்தான் இருக்கும். வெட்டி எடுத்து, மெல்லிசாச் சீவி, நுண்ணோக்கில பாத்தாத்தான் தெரியும். ஆனா உங்க பக்கத்துலேர்ந்து ஒரு துளிகூட இந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு கேப்டன் உத்தரவு."

பத்து விதம் ஒன்றுபோல இருக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் சன்னாசிக்குக் கன்னத்துக்குள் கட்டி வந்தபோது கம்பவுண்டர் ரங்கசாமி, "வெறும் சதை, சுட்டா உதிந்துரும்" என்றான். சுட்டான். மறுபடி வந்தது. மறுபடி சுட்டான். வெட்டி எடுத்த ஒரு துணுக்கையாவது மதுரைக்கு அனுப்பிப் பார்த்தானா? இல்லை. கடைசியில் பெரியாஸ்பத்திரியில் பெயர் சொன்னபோது சன்னாசிக்கு வாய் திறக்கவில்லை. ரங்கசாமி சாவுக்கு மாலையோடு வந்தான். அந்த மாலையை வாங்கி வாசலில் எறிந்தேன்.

என் பேத்தியின் கட்டியைப் படத்தில் பார்த்துப் பெயர் தெரியாத நோய் என்பார்களாம். நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமாம்.

பயண நாள் 206. நண்பகல்

நடுக்கதவு முத்திரையை, செடிக்கு ஒட்டுக் கட்டும் ஒட்டுக்கத்தியால் கிழித்தேன். கேப்டன் கத்தினார்.

"அது சட்டப்படி குத்தம், ஒச்சம்மா!"

"எழுதி வச்சுக்கம்மா. பேரைச் சரியா எழுது, ஒச்சம்மாள்."

இலைநோய் பார்க்கும் நுண்ணோக்கி தோட்டத்தில் இருக்கிறது. படம் முன்பக்கம் போகும், துளி போகாது. டாக்டரிடம் அதைச் சொன்னேன். அவர் குரல் மாறியது. கிட்ட வந்த குரல்.

சீவ ஒட்டுக்கத்தி. துண்டைப் பதித்து வைக்க, ஒட்டுக் கட்டும் மெழுகு. இலைத் துண்டுக்கு ஏற்றும் சாயம். மருந்துப் பெட்டியில் மரப்பு ஊசி. அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல நான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

"கர்ப்பத்துல இது வந்தா பேறுகாலம் வரைக்கும் விட்டுப் பாப்போம்மா, தானா சுருங்கலாம். இவ்வளவு ரத்தம் போனா விடக் கூடாது. அடியோட எடுங்க. மேலாக்க நறுக்குனா திரும்ப வரும்."

பவுன் என் மடியில் தலை வைத்துப் படுத்தாள்.

"அம்மாயி, தக்காளிக் காம்பு நறுக்குற மாதிரி நறுக்கிராத."

"தக்காளி வாயை மூடிக்கிட்டு இருக்கும்டி. நீ தொறந்து வையி."

வெட்டினேன். துணியை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். ரத்தம் நின்றது. துண்டை மெழுகில் பதித்தேன்.

பயண நாள் 207. மாலை

மெழுகு இறுக ஒரு பகல் போயிற்று. சீவிய துண்டுகளில் பாதி சுருண்டன. தேறியதை நுண்ணோக்கியில் வைத்தேன். டாக்டர் அங்கிருந்து பார்த்தார்.

"சின்னச் சின்ன ரத்தக்குழாயா குமிஞ்சு கிடக்கு. கெட்ட செல் ஒண்ணும் இல்ல. இதுக்குப் பையோஜெனிக் கிரானுலோமான்னு பேரு. சீழ்க்கட்டின்னு அர்த்தம்."

"சீழே வரலியேப்பா."

"வராதும்மா. அந்தக் காலத்துல தப்பா வச்ச பேரு, அப்படியே நின்னுருச்சு. எங்கயாவது உறுத்துனா, குத்துனா, உடம்பு ஆத்துறேன்னு அளவுக்கு மீறி ரத்தக்குழாயைக் கட்டிரும். மாசமா இருந்தா இன்னும் பொங்கும். தொத்தவே தொத்தாது." திடீரென்று குரல் உயர்ந்தது. "இருங்க. நடுவுல மின்னுறது என்ன? முடி மாதிரி."

நானும் குனிந்து பார்த்தேன். துண்டின் நடுவில் நேராக, வெள்ளையாக ஓர் இழை. ஒளியைத் திருப்பினால் பளிச்சென்றது.

கண்ணாடி நூல்.

கோட்டைச்சாமி ஒலிபெருக்கியில் கத்தினான்:

"ஆத்தா! நீதான 'ஏன்டா கத்தரியத் தேடுற, பல்லு எதுக்கு இருக்கு'ன்ன! கடிச்சுட்டு விரல்ல சுத்தி இழுத்தேன். அன்னைக்கே சுருக்குன்னுச்சு."

கடித்த ஈறில் பவுனுக்கு, சுற்றிய விரலில் அவனுக்கு. அவன் கட்டியையும் டாக்டர் போய் வெட்டினார். பிளந்ததுமே அதிலும் இழை மின்னியது. ஊர்ப்பழக்கத்தைக் கப்பல் வரைக்கும் கொண்டுவந்தது நான்தான். ஆனால் கிடங்குக்காரன் நூலை முழுதாகக் கொடுத்திருந்தால் இது வந்திருக்காது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேப்டன் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் காரணம் தெரிஞ்சிருச்சு. துறை ஒத்துக்குது. மூணாவதும் காட்டுங்க. கதவைத் தெறக்கறேன்."

பவுன் என் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். பல வாரத்துக்குப் பிறகு இன்றுதான் சோறு கேட்டாள்.

பயண நாள் 208. காலை

என்னுடையதை நானே வெட்டினேன், பித்தளைத் தட்டில் முகம் பார்த்து. அவளுடையது போல வழுக்கி வரவில்லை. கத்தி நெறுநெறுவென்று போனது.

பயண நாள் 209. காலை

நாலு துண்டு சீவினேன். ஐந்தாவதும் சீவினேன். ஒளியை எப்படித் திருப்பினாலும் மின்னவில்லை.

இழை இல்லை.

டாக்டர் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குத் தெரியும். மதுரைப் பெரியாஸ்பத்திரி நடைபாதையில் அதைக் கேட்டிருக்கிறேன்.

"சொல்லுப்பா" என்றேன்.

"அம்மா, இது அது இல்ல. செல்லுங்க கண்டபடி அடியில இறங்கிப் போகுது. புத்துன்னுதான் நெனைக்கிறேன். இலைச்சாயத்துல உறுதியாச் சொல்ல முடியல. அதுவும் தொத்தாது. ஆனா உறுதியாகாத வரைக்கும் துறையோட பொறி காரணம் தெரியாததுன்னுதான் போடும்."

பிறகு, மெதுவாக:

"கேப்டன் லைன்ல இல்ல. பவுனோட துண்டுல இன்னொன்னு மிச்சம் இருக்கில்லம்மா? அத உங்க பேர்ல வச்சுக் காட்டுங்க. நான் ஒண்ணுதான்னு எழுதிர்றேன். வீட்டுக்குப் போயிரலாம்."

நல்ல பிள்ளை. அன்று கைவிளக்கோடு தூர நின்றதை இப்போது மன்னித்தேன். இவனைத் தவிர வேறு யாரையும் நான் மன்னித்ததாக நினைவில்லை.

ஆனால் சொல்லிவிட்டேன்: "வேண்டாம்யா."

என் துண்டுக்குப் பொய் சொல்லி, அது நாளை துறையில் வெளிப்பட்டால், பவுன் துண்டையும் பொய் என்பார்கள். அவளைப் பூட்டி வைப்பார்கள். பிள்ளை பூட்டுக்குள் பிறக்கும். அது ஒரு காரணம். இன்னொன்று எனக்கு மட்டும். வெறும் சதை என்று ஒருவன் சொன்னதால் என் வீட்டில் ஒரு பிணம் விழுந்தது. அதே வார்த்தையை என் கட்டிக்கு நானே சொல்ல மாட்டேன். ரங்கசாமி செத்துப்போனான், இருந்தாலும் அவன் ஜெயிக்கக் கூடாது.

பயண நாள் 209. மாலை

பவுன் போக மாட்டேன் என்றாள்.

"உன்னைய விட்டுட்டுப் போயி நான் என்னத்தச் சொல்ல? கழட்டுனா ரெண்டு பேரையும் கழட்டட்டும்!"

"வயித்துல இருக்கறதுகிட்ட கேட்டியாடி? அதுக்கும் சேத்து நீயே பேசாத."

"நீ பிடிவாதக்காரி அம்மாயி. ஊரே சொல்லும்."

"ஊரு சொல்றது உள்ளதுதான். அதனால போ."

முன்கதவு திறந்தது. நாங்கள் கட்டிக்கொள்ளக் கூடாது என்று கேப்டன் சொன்னார். கட்டிக்கொண்டோம். வயிற்றுக்குள்ளிருந்து அந்தப் பயலோ பெண்ணோ என்னை ஓர் உதை விட்டது. நம் வம்சம்தான் அது, கோபம் பரம்பரையில் வருகிறது. கதவு மூடியது.

பயண நாள் 211. நண்பகல்

கழற்றிவிட்டார்கள். பூட்டுகள் ஒவ்வொன்றாக விடுபட்டதைக் காலடியில் உணர்ந்தேன். கடைசிப் பூட்டைத் திறக்கக் கோட்டைச்சாமியைக் கூப்பிட்டார்களாம். மறுத்துவிட்டானாம். கேப்டன் தாமே திறந்தார். அந்த அம்மாளும் அழுததாக டாக்டர் சொன்னார். அழட்டும். நான் குறித்துக்கொண்டேன்.

பவுனின் குரல், இரைச்சலோடு:

"அம்மாயி, டாக்டர் உன் பேருக்கு நேரா புத்து, சந்தேகம்னுதான் எழுதியிருக்காரு. பேரு தெரியாததுன்னு எழுதலை. கேக்குதா? மீட்புக் கலத்த அனுப்பச் சொல்லி நான் நின்னு சண்டை..."

அதற்கு மேல் இரைச்சல் மட்டும்.

பயண நாள் 219

விளக்குகளில் பாதிதான் எரிகிறது. மின்கலத்தை வேருக்கும் எனக்கும் பங்கு போடுகிறேன். தக்காளி போயிற்று. அவரை நிற்கிறது. வெட்டிய இடத்தில் கட்டி மறுபடி முளைத்துவிட்டது. உதடு மரத்திருக்கிறது. பவுனுடையது திரும்பியிருக்காது. அடியோடு எடுத்தேன், இழையோடு.

மீட்புக் கலம் வரவில்லை.

பயண நாள் தெரியவில்லை

குளிர். விரல் சரியாக வரவில்லை. அவரையில் ஒரு பூ.

இதைத் திறக்கிறவர்களுக்கு. நுண்ணோக்கிப் பக்கத்தில் மெழுகுப் பெட்டி. இரண்டு துண்டு. ஒன்றில் இழை மின்னும், அது என் பேத்தியுடையது, அவளுக்கு நோய் இல்லை. மின்னாதது என்னுடையது. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். மேலுக்குப் பார்த்து எழுதாதீர்கள். சீவி, சாயம் ஏற்றி, குனிந்து பார்த்து எழுதுங்கள். என்னுடையதற்கு அதன் பெயரையே போடுங்கள். என் வாயைத் திறந்து பார்க்க அனுமதி தருகிறேன், கிட்ட வந்து பாருங்கள், தூர நின்று விளக்கைக் காட்டாதீர்கள்.

இரண்டும் ஒன்றென்று எழுதுகிறவன் யாராக இருந்தாலும், செத்தாலும் விட மாட்டேன், அவன் பெயரையும் என் கணக்கில் ரங்கசாமிக்குக் கீழே நான்