குங்குமம் வைத்த விதிப் புத்தகம்

ஜூன் 14, சனி

இன்று சொல்லாமல் விட்டது: எனக்குக் கோபம் வரவில்லை என்பது. மற்ற எல்லோரும் கோபமாக இருந்தார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அனல் காற்று. கரண்ட் இல்லை. நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் ஆளும் இல்லை. பிய்ந்த அட்டைகளுக்குப் பசை தடவினேன். பிறகு செங்கம் ரோடு, சற்குணம் அண்ணனின் பிரவுசிங் சென்டர்.

அங்கே ஒரே கூச்சல், எங்கள் விளையாட்டைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலு பேர் (நான், ச. அண்ணன், சைக்கிள் கடை இம்தியாஸ், லாட்ஜில் வேலை பார்க்கும் பாபு) உட்கார்ந்து ஆடுகிற கதை விளையாட்டு. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் பாத்திரங்களாகப் பேசி, பகடை உருட்டி, உயிரோடு தப்பிக்கப் பார்ப்பது. ஆசிரமத்துக்கு வந்திருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன விதிப் புத்தகத்தில் ஆரம்பித்தது. அதை வெளியிடும் அமெரிக்கக் கம்பெனி இப்போது அனுமதியை மாற்றிவிட்டது. உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் இணையத்தில் கொதிக்கிறார்கள்.

அறிவிப்பு வக்கீல் ஆங்கிலத்தில். எனக்குப் புரிந்தது:

- இதுவரை: விதிகளை யாரும் எடுத்து எழுதலாம், விற்கலாம். கேட்க வேண்டியதில்லை.
- இனி: புது அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். போட்டவர், பழைய அனுமதியில் வெளியிட்டதை எல்லாம் எடுத்துவிட வேண்டும்.
- நிபந்தனைகளை அவர்கள் நினைத்தபோது மாற்றிக்கொள்வார்கள்.

"குடுத்தவனே வந்து திருப்பிப் புடுங்குறான். இது இன்னா நியாயம்?" ச. அண்ணன். மேசையில் டீ சிந்தியது.

நான் தமிழில் எழுதிய விதிகளும், கிரிவலப் பாதையில் நடப்பதாக எழுதிய கதையும் எங்கள் இணையப் பக்கத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. இரண்டு வருட வேலை. அதைப் புத்தகமாகப் போட சென்னையில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் பத்மநாபன் சார் சம்மதித்திருந்தார். மத்தியானம் போன் செய்தார். "நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிடும்மா, நான் அச்சுக்குக் குடுத்துடறேன். பழைய அனுமதிய நம்பி எறங்க எனக்கு தைரியம் இல்ல."

இதையும் சென்டரில் சொல்லவில்லை.

நாளை பாங்க்குக்கு அம்மாவின் பாஸ்புக். இல்லை, நாளை ஞாயிறு.

ஜூன் 15, ஞாயிறு

வெளிநாட்டில் அந்த விதிப் புத்தகத்தைக் கொளுத்திப் படம் எடுத்துப் போடுகிறார்களாம். நாமும் போட வேண்டும் என்று ச. அண்ணன். "தீபம் ஏத்தற ஊர்லேர்ந்து ஒரு தீ போவலன்னா எப்படி?"

சென்டருக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பக்கம். நாலு செங்கல். பாபுவிடம் கேமரா. புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் எல்லோரும் பார்த்தோம். அட்டையில் சந்தனம், நடுவில் குங்குமம். போன சரஸ்வதி பூஜைக்கு ச. அண்ணன் கம்ப்யூட்டர், பிரிண்டர், கல்லாப்பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபோது இதற்கும் வைத்திருக்கிறார். காய்ந்து ஒட்டிப்போய் இருந்தது.

"பூஜையில வச்சத எப்படிண்ணே கொளுத்தறது?" பாபு.

"ரெண்டு பக்கம் கிழிச்சிக் கொளுத்துவோம்."

"அது ஜாஸ்தி பாவம்ணே."

ச. அண்ணன் தீப்பெட்டியை இம்தியாஸிடம் நீட்டினார். "நீ கொளுத்து. உனக்குதான் பொட்டு கிட்டு ஒண்ணும் இல்லையே."

"நல்லா இருக்கே கதை. காயிதத்துல கால் பட்டா எங்க வூட்லயும் கண்ணுல ஒத்திக்குவோம். உங்க பாவத்த எங்கிட்ட தள்ளாதீங்க பாய்."

பாய் என்று ச. அண்ணனை அழைப்பது அவன் வழக்கம். சிரித்தோம். பிறகு தீப்பெட்டி என் பக்கம் வந்தது. நான் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். வாங்கவில்லை.

கடைசியில் செங்கல் மேல் கிடந்த புத்தகத்தை அப்படியே ஒரு படம். ச. அண்ணன் அதை எடுத்து, தூசி தட்டி, கண்ணில் ஒற்றி, உள்ளே கொண்டுபோய் வைத்தார். அதற்கப்புறம் ஆடவில்லை. யாருக்கும் மனசில்லை.

ஜூன் 16, திங்கள்

பாஸ்புக் ஆயிற்று. மண்ணெண்ணெய் இல்லை என்று அம்மா. தலைவலி.

அந்தப் படத்துக்கு இணையத்தில் ஏகப்பட்ட பாராட்டு. சிவப்பு மையைப் புத்தகத்தின் மேல் ரத்தம் மாதிரி கொட்டி எதிர்ப்பைக் காட்டியிருக்கிறோமாம். கனடாக்காரர் ஒருவர் தன்னுடையதிலும் சிவப்பு பெயின்ட் ஊற்றிப் படம் போட்டிருக்கிறார். ச. அண்ணனுக்குச் சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை.

"இல்ல, அது சாமிக்கு வச்சதுன்னு எழுதிடவா செல்வி?"

"எழுதுங்கண்ணா."

எழுதவில்லை. பாராட்டு வந்துகொண்டே இருந்தது.

அதன் கீழே, கையெழுத்துப் போடப்போகிறவர்களின் பெயர்களைத் திரட்டத் தொடங்கியிருக்கிறார்கள். துரோகிகள் என்று தலைப்பு. படிக்கிற நாவல்களில் துரோகிகளுக்கு நல்ல வசனங்கள் கிடைக்கும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தூக்கம்தான் வருகிறது.

ஜூன் 18, புதன். பௌர்ணமி

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலே கடை. சுக்கு காபி, தண்ணீர் பாக்கெட், கற்பூரம். பகலிலிருந்தே கூட்டம். லீவு போட்டு அப்பாவுக்கு உதவி.

இந்த மாதம் கடையை ரோட்டிலிருந்து பத்தடி தள்ளிப் போடச் சொல்லிவிட்டார்கள். அப்பா உடனே பெஞ்சைத் தூக்கினார்.

"கோவமே வரலையாப்பா?"

"வருது. வந்து இன்னா பண்றது? காபி ஆறிடும். அந்தப் பக்கம் புடி."

பெஞ்சைப் பிடிக்கும்போது யோசித்தேன். அப்பா மாதிரி நானும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்று. ஆனால் அவர் தள்ளியது தன்னுடைய பெஞ்சை. நான் எடுக்க வேண்டியது எல்லோரும் உட்கார்ந்திருப்பதை. சேலம், திண்டுக்கல், ஒரு மலேசியாப் பையன்கூட எங்கள் இணையப் பக்கத்தை வைத்து ஆடுவதாக எழுதியிருந்தான்.

இருந்தாலும் புத்தகம் வேண்டும். அட்டை, முதுகு, என் பெயர். நூலகத்தில் அடுத்தவர்கள் புத்தகத்துக்கே பசை தடவிக்கொண்டிருக்கிறேன். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை. வேண்டும், அவ்வளவுதான்.

கால் வலி. பாலில் ஒரு குடம் திரிந்துவிட்டது.

ஜூன் 20, வெள்ளி

காலையில் கையெழுத்துப் போட்டேன். தலைமைத் தபால் நிலையம், ஏர் மெயில். வேங்கிக்கால் பஸ் நெரிசலில் செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்தி நடந்தேன்.

சாயங்காலம் சென்டர். ச. அண்ணன் பிரிண்டரைத் திறந்து மை மாற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்."

கையைத் துடைக்கத் துணி தேடினார். ரொம்ப நேரம் தேடினார்.

"அப்ப நம்ம பக்கத்த எடுத்துடணும்."

"ஆமாண்ணா."

"புக்குல பேரு வருமா?"

"வரும்."

"பெருசா போடச் சொல்லு. சின்னதா போட்டுடப் போறான்."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் இணையப் பக்கத்தைத் திறந்து, நாற்காலியை விட்டு எழுந்து, "நீயே பண்ணிடும்மா, எனக்குக் கை கறுப்பா இருக்கு" என்றார்.

உட்கார்ந்தேன். நிச்சயம்தானா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் கொடுத்தேன். வெள்ளைத் திரை.

வாசலில் இம்தியாஸ் சைக்கிள் மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "நாலு பேரால கொளுத்த முடியாதத ஒரே ஆளா முடிச்சிட்டியே தங்கச்சி."

"ஞாயித்துக்கெழம வரேன்" என்றேன், பொதுவாக. ச. அண்ணன் மை டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

ஜூன் 21, சனி

பத்மநாபன் சார் போன். அட்டைக்கு மலை படம் வைக்கலாமா என்று கேட்டார். சரி என்றேன். மாதிரி அனுப்புவாராம்.

செருப்பு தைத்தாயிற்று. மூன்று நாளாகச் சேர்ந்த துணியைத் துவைத்தேன். மழை வரும்போல் இருந்து வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

வழக்கமான நேரத்துக்கே போனேன். ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. ஆடும்போது வாடிக்கையாளர் வராமல் இருக்க அப்படித்தான் இறக்குவோம். குனிந்து நுழையப் போனேன். அதற்குள் ச. அண்ணனின் குரல்.

"நிருதி லிங்கம் தாண்டிட்டீங்க. வெளக்கு இல்ல. உங்க பின்னாடி ஒரு ஆள் நடந்து வர சத்தம். நீங்க நின்னா அதுவும் நிக்குது. இன்னா பண்றீங்க?"

என் கிரிவலக் கதை. என் வரிகள். நான் பக்கத்தை எடுப்பதற்கு முன்பே பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"திரும்பிப் பாப்பேன்" என்றான் பாபு. "பாக்காதடா பாவி, போன தடவ அப்டிதான் செத்த" என்றான் இம்தியாஸ். சிரிப்பு. பகடை உருண்டது.

பிறகு ஒரு பெண் குரல், கூச்சமாக, எழுத்துக் கூட்டுவது போல். பாபுவின் தங்கை. நான் இரண்டு வருடம் ஆடிய பாத்திரத்தின் பெயரைச் சொல்லி, "நான் முன்னாடி போறேன்" என்றாள்.