பெரிய சக்கரம் போட்ட பிக்கப் வண்டியின் மைலேஜை அளந்து சொல்லக் கோருதல்

அனுப்புநர்:
வ. பலராமன் (வயது 71),
ஏரிக்கரைத் தெரு,
கீழ்பென்னாத்தூர்,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: சக்கரம் மாற்றிய வண்டியின் மீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டுவது – அதனால் ஓட்டுநர் மீது டீசல் திருட்டுப் பழி – உடனடி ஆய்வு வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மருமகள் அருணாதேவி, எங்கள் பகுதி மகளிர் காய்கறிக் குழுவின் பிக்கப் வண்டியை ஓட்டி வருகிறாள். விடியற்காலையில் இங்கே காய்கறி ஏற்றி, ரமணாசிரமம் பகுதி விடுதிகளில் சேர்ப்பது அவள் வேலை. என் மகன் இறந்தபின் நானும் பேத்தி பூஜாவும் அந்த வேலையை நம்பியே இருக்கிறோம்.

2. வயல்வழிச் சேற்றில் சிக்குகிறதென்று, சென்ற மழைக்காலத்தில் குழுவே தீர்மானித்து வண்டிக்குப் பெரிய சக்கரங்கள் போட்டது. மேலே இரும்புக் கூண்டும் கட்டியது. முன்பு லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் ஓடிய வண்டி, இப்போது பத்துதான் ஓடுவதாகக் கணக்கு வருகிறது. குழுத் தலைவி தங்கம்மாள் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும், "வண்டி குடிச்சுதா, யாராச்சும் உறிஞ்சி வித்தாங்களானு சாமிக்குத்தான் தெரியும்" என்றார். அருணாதேவி பதில் பேசாமல் எழுந்து வந்துவிட்டாள். பேசாததையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் மைலேஜ் ஏறாவிட்டால் சாவியை வாங்கிவிடுவார்களாம்.

3. நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. டிராக்டர் வைத்திருந்து நானாகக் கற்றதுதான். சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் போகும். மீட்டரோ பழைய சக்கரத்தையே நினைத்து எண்ணும். இதைச் சொன்னதற்கு, "மருமவளுக்காக ரோட்டையே நீட்டுவீங்க போல" என்று சிரித்தார்கள். ஆகவே பௌர்ணமி இல்லாத நாளாகப் பார்த்து, நானும் அருணாதேவியும் அந்த வண்டியிலேயே ராஜகோபுரத்தின் முன் புறப்பட்டு, கிரிவலப் பாதையைச் சுற்றி அதே இடத்துக்கு வந்தோம். அது பதினான்கு கிலோமீட்டர் என்பது ஊரறிந்தது. மீட்டர் பதின்மூன்றைக்கூடத் தொடவில்லை. மைலேஜ் குறைவு முழுவதும் இதனால் வந்ததென்று நான் சாதிக்கவில்லை. கூண்டின் எடையும் சக்கரத்தின் அகலமும் மீதியைத் தின்கின்றன என்பது என் எண்ணம். அதை நிறுவ என்னிடம் வழியில்லை, தங்களிடம் உண்டு.

4. பழி ஒன்று மட்டும் என்றால் நானே குழுவோடு மல்லுக்கு நின்றிருப்பேன். அன்று அளப்பதற்காக ராஜகோபுரத்துக்குப் போகும் வழியில், ஏரிக்கரை இறக்கத்தில் அவள் என்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிட்டாள். என்ஜின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் இறுகிவிடும் என்பது தாங்கள் அறியாததல்ல. முன்னால் டவுன் பஸ் நின்றது. இரண்டு கால்களாலும் மிதித்து, ஒரு முழ இடைவெளியில் நிறுத்தினாள். ஏன் என்று கேட்டேன். "இறக்கத்துல ஆஃப் பண்ணா மைலேஜ் கொஞ்சம் ஜாஸ்தி காட்டுது, மாமா" என்றாள். தினமும் இப்படித்தானா என்று கேட்டேன்; சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினாள். அன்று வண்டி காலியாக இருந்தது. மற்ற நாட்களில் பாரத்தோடு இறங்குகிறாள்.

5. சக்கரமும் கூண்டும் மாற்றியது ஆர்.சி. புத்தகத்தில் பதியப்படவில்லை என்பதை அறிவேன். இம்மனுவால் வண்டியே நிறுத்தப்படலாம். "எழுதாதீங்க மாமா, அத்தனை பொம்பளைங்க சாபமும் எனக்குத்தான்" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். வண்டி நின்றால் நிற்கட்டும். எடுக்கும் நடவடிக்கை மாற்றச் சொன்ன குழுவின் மீது இருக்கட்டும். ஓட்டியவள் மீது வேண்டாம்.

6. எனவே, வெள்ளிக்கிழமைக்கு முன் வண்டியை ஓட்டிப் பார்த்து, மீட்டர் எவ்வளவு குறைத்துக் காட்டுகிறது, மாற்றங்களால் எவ்வளவு டீசல் கூடுதலாகும் என்பதைக் குழுவுக்கு எழுத்தில் தர வேண்டுகிறேன். அதற்கு முன்பாக, இறக்கத்தில் என்ஜினை அணைக்கக் கூடாது என்று தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் அவளிடம் சொல்ல வேண்டும். நான் சொல்லி அவள் கேட்கவில்லை.

ஒரு வாரமாக, அவள் காய்கறி ஏற்றும் நேரத்தில் நான் சைக்கிளில் முன்னதாகப் போய் அந்த இறக்கத்தில் மரத்தடியில் நிற்கிறேன். என்ஜின் சத்தத்தோடு வண்டி என்னைக் கடந்தால் வீடு திரும்புவேன். இன்று காலை வண்டி கடந்தது. சத்தம் வரவில்லை.

நாளைய விடியலுக்குள் தங்கள் உத்தரவை வேண்டி நிற்கும்,

(ஒப்பம்)
வ. பலராமன்

இடம்: திருவண்ணாமலை
நாள்: 24.02.2025