சம்பந்திக்கு ரோபோ, எனக்குக் கத்தி

ஸ்ரீரங்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் இளவேனிலுக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் பழக்கம், இந்த முறை அம்மா மட்டும் நலம் என்று எழுதுகிறேன். மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி யாழினியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ பதறுவாய் என்று அம்மா தடுக்கிறாள், அதனால் அவளுக்குத் தெரியாமல் இந்தக் காகிதம்.

எனக்கு புராஸ்டேட்டில் புற்றுநோய், ஆரம்ப நிலைதான், எடுத்துவிட்டால் பயமில்லை என்கிறார்கள். மகளுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் போன வருடம் உன் மாமனாருக்கும் இதேதானே. அவருக்குச் சென்னையில் ரோபோ வைத்துச் செய்தார்கள். மூன்றாம் நாள் வீடு, மூன்றாம் வாரம் மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பார்க்கப் போனவர்களிடமெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டினார், என்னிடமும்தான். பாருங்க சம்பந்தி, ஆறே ஆறு ஓட்டை, ரத்தமே போகலை என்றார். எனக்கு வயிறு எரிந்தது. வாங்கிப் போன ஆப்பிளை வைத்துவிட்டு காபி கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அதனால் எனக்கும் ரோபோதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன், இங்கே பார்க்கும் டாக்டர் வளவன் வேண்டாம் என்றார். மிஷின் தானாக வெட்டுவதில்லை, டாக்டர்தான் தள்ளி உட்கார்ந்து கைப்பிடியை ஆட்டுகிறார், பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நாலு வருடம் லேத்தில் நின்றவனுக்கு அது புரியாதா. சின்னத் துளை, ரத்தச் சேதம் குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம், எல்லாம் உண்மையாம். ஆனால் வயிற்றில் காற்றை நிரப்பி, தலையைத் தாழ்த்தி மணிக்கணக்கில் படுக்க வைப்பார்களாம், அட்டாக் வந்து பலவீனமான என் இதயம் அதைத் தாங்குவது சந்தேகமாம். சிறுநீர் அடக்க முடியாமல் போவது எப்படிச் செய்தாலும் வரக்கூடியதுதானாம்.

கேட்டேனா? என்னோடு வேலை பார்த்த குத்புதீன் மகள் நிக்காஹ் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுப் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போனேன், சம்பந்திக்குச் செய்த அதே ஆஸ்பத்திரிக்கு. ஃபாரத்தில் இதய நோய் என்ற இடத்தில் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். எக்கோ எடுத்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, ஐயா, உங்களுக்கு அட்டாக் வந்திருக்கே, இதை மறைச்சுட்டு மயக்க மருந்து வாங்கியிருந்தா என்ன ஆயிருக்கும் என்று கேட்டாள். கூட யாரு வந்திருக்காங்க என்று அடுத்துக் கேட்டாள், அதற்குத்தான் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரோபோவெல்லாம் சாக்குதான், கண்ணு. உன் மாமனாருக்கு ஆபரேஷன் என்றதும் பதினோரு நாள் லீவு போட்டு ஓடி வந்தாய். தியேட்டர் வாசலில் நின்றாய், கையெழுத்துப் போட்டாய், கஞ்சி ஊட்டினாய். மருமகள் என்றால் இவள்தான் என்று ஊரே மெச்சியது. எங்கள் வீட்டுக்கு ஒரு மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாய். அந்தப் பொறாமை இன்னும் ஆறவில்லை, பெற்றவன் சொல்லக் கூடாதுதான், சொல்லிவிட்டேன்.

எனக்கு ஆபரேஷன் அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி, வளவன் டாக்டர் கையால், பழைய முறையில். சென்னைக்குப் போன கதையை அம்மாவிடம் உளறிவிடாதே. மாப்பிள்ளைக்கு ஆசிகள், யாழினிக்கு முத்தம், மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீ வா.

உன் அப்பா,
ரெங்கராஜ்