படையலில் விரிந்த கூறைப்பட்டு

என் உயிர் அக்காவுக்கு,

நாளைக் காலை உன் மகள் கழுத்தில் தாலி ஏறப்போகிறது. அதற்குள் நான் செய்துவைத்த காரியத்தை உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

இன்று காலை அரும்பாவூர் வீட்டில் உனக்குப் பூவாடைப் படையல். பூவும் பொட்டுமாகப் போனவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் புதுச்சேலை வைத்துக் கும்பிடுவதை நீயே எத்தனை முறை முன்னின்று நடத்தியிருக்கிறாய். மஞ்சள் துணியில் மூடிவைத்து, கற்பூரம் காட்டிய பிறகுதான் பிரிப்போம். பிரித்தேன். உனக்கு எடுத்த நூல்சேலை இல்லை. பட்டு முழுக்கப் பொன்சரிகைப் பூக்கள். மாப்பிள்ளையின் அம்மா ஜெயங்கொண்டம் பக்கம் தன் வீட்டுத் தறியில் தானே நெய்து, நாளை முகூர்த்தத்துக்கு உன் மகள் கட்டக் கொடுத்த கூறைப்பட்டு. இரண்டையும் ஒரே மாதிரித் துணியில் சுற்றிவைத்த புத்திசாலி நான்தான்.

உன் நாத்தனாரைப் பற்றி உனக்குத் தெரியாதா?

"செத்தவளுக்குப் படைச்சதக் கட்டிக்கிட்டா பொண்ணு மணவறையில ஒக்காருவா? சம்பந்தி வூட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணமே நின்னுடும்" என்றார்.

அவசரமாக மடித்து பீரோவுக்குள் திணித்தேன்.

மத்தியானம் முந்தானைக்குக் குஞ்சம் முடியச் சம்பந்தியம்மாள் வந்தார். சேலையை மடியில் விரித்ததும் அவர் கை நின்றது.

"சாம்பிராணி வாசம் அடிக்குதே?"

பீரோவுக்குப் புகை போட்டோம் என்று சொல்ல வாயெடுத்தேன். உன் மகள் முந்திக்கொண்டாள்.

"எங்கம்மாவுக்குப் படைச்சோம் அத்தை. நான்தான் வைக்கச் சொன்னேன். சித்தி வேணாம்னுதான் சொன்னாங்க."

என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாள் அக்கா. அந்த அம்மாள் சேலையோடு எழுந்துவிடுவார் என்றே பயந்தேன். பூக்களை விரலால் தடவினார். "சரி, இருக்கட்டும்" என்று குஞ்சம் முடிய ஆரம்பித்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

அந்த 'இருக்கட்டும்' எதுவரைக்கும் இருக்கும்? பின்னாளில் அந்த வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தால்கூட, மருமகள் செய்த வினை என்று சொல்வார்களோ?

அவர் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறார். இதை மடித்து வைத்ததும் அவர் எதிரில் போய் உட்கார்ந்து, துணி மாறிப் படைத்தவள் நான், அவள் வைக்கச் சொல்லவே இல்லை என்று சொல்லிவிடுவேன். திட்டட்டும். நாளைக்குப் பந்தல் பக்கமே வராதே என்றாலும் சரி. எனக்காகச் சுமந்த பழியோடு உன் மகள் அந்த வீட்டு வாசற்படி ஏறமாட்டாள். இது சத்தியம்.

நாளை உன் இடத்தில் நிற்கவேண்டிய,
உன் தங்கை